கேளுங்கள், சொல்கிறேன்: 234 பேரும் நம் மூன்று தொகுதிகளும்

சென்னைக் கோட்டையில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பேனா தேய்த்தவன் என்பதால், சட்டமன்றம் பற்றி வரும் கடிதங்களை ஆசிரியர் கோத்தகிரிக்கு, என் பக்கம் தள்ளிவிடுகிறார். 2021-ல் கூடிய பதினாறாவது சட்டமன்றம் பற்றி வந்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் வாசகி, ஜெகதளா: பதினாறாவது சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள் என்கிறது ஒரு கைடு, 235 என்கிறது இன்னொன்று. பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்த்தால் இரண்டுமே வரவில்லை. எதை எழுதுவது?

234 என்று எழுதிவிட்டு வாம்மா. அந்த 235 பழைய கைடு. ஆங்கிலோ இந்தியர் ஒருவரை ஆளுநர் நியமிக்கும் ஏற்பாடு முன்பு இருந்தது. அரசியல் சட்டத்தின் 104-ஆவது திருத்தத்தோடு, 2020 ஜனவரியில் அது முடிந்துபோனது. 2021 சபையில் அந்த நாற்காலியே கிடையாது.

பெயர்களை எண்ணினால் கூடுதலாக வருவதற்குக் காரணம் இடைத்தேர்தல்கள். ஈரோடு கிழக்கை மட்டும் பார். 2021-ல் ஜெயித்த திருமகன் ஈவெரா 2023 ஜனவரியில் இறந்தார். அந்த இடத்துக்கு அவருடைய அப்பா ஈ.வெ.கி.ச. இளங்கோவன் வந்தார். மகன் உட்கார்ந்த இடத்துக்கு அப்பா ஓட்டுக் கேட்டுப் போவது எந்தப் பெரியவருக்கும் வரக்கூடாத நிலைமை. அவரும் 2024 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். 2025 பிப்ரவரியில் தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் ஜெயித்தார். ஒரே சபை, ஒரே தொகுதி, மூன்று உறுப்பினர்கள்.

விக்கிரவாண்டியில் நா. புகழேந்தி 2024 ஏப்ரலில் மறைந்து, ஜூலையில் அன்னியூர் சிவா வந்தார். விளவங்கோட்டில் விஜயதரணி பதவியை விட்டுவிட்டு பா.ஜ.க.வுக்குப் போக, மக்களவைத் தேர்தலோடு நடந்த இடைத்தேர்தலில் தாரகை கத்பர்ட் ஜெயித்தார். ஆக, அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று கேட்டால் 238 பெயர் வரும். ஒரு நேரத்தில் இருக்கக்கூடியவர்கள் 234 தான்.

திருக்கோவிலூர் பொன்முடி விவகாரம் இதில் சேராது. நீதிமன்றத் தண்டனையால் தொகுதி காலி என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, அறிவிப்பு வாபஸ். பழைய உறுப்பினர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள்.

தோட்டத் தொழிலாளி, கீழ்க்கோத்தகிரி: வால்பாறையில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. அவர்கள் எம்.எல்.ஏ. இறந்தும் ஏன் இடைத்தேர்தல் வைக்கவில்லை?

அமுல் கந்தசாமி இறந்தது 2025 ஜூனில். காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். சபையின் ஆயுளில் மிச்சம் ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் வேண்டாம் என்பதும் அதே சட்டம். இந்தச் சபை முதலில் கூடியது 2021 மே 11. ஐந்து வருடத்தை அங்கிருந்து எண்ண வேண்டும். பதினோரு மாதம்கூட மிச்சமில்லாததால் விட்டுவிட்டார்கள். விதி சரிதான். ஆனால் அத்தனை மாதம் ஒரு மலைத் தொகுதிக்குச் சபையில் வாயே இல்லாமல் போனதே என்று உங்கள் அக்கா கேட்டால், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சிறு தேயிலை விவசாயி, தேவர்சோலை: நீலகிரியில் மூன்று தொகுதிக்கு மூன்று கட்சி. எங்கள் கூடலூர் எதிர்க்கட்சி ஆனதால் ஏமாந்துபோனோமா?

2021-ல் கூடலூரில் அ.தி.மு.க.வின் பொன். ஜெயசீலன், ஊட்டியில் காங்கிரஸின் ஆர். கணேஷ், குன்னூரில் தி.மு.க.வின் கா. ராமச்சந்திரன். இப்படிப் பிரித்துக் கொடுத்த மாவட்டத்தை யாரும் ஒருபக்கச் சார்பு என்று சொல்ல முடியாது.

எங்கள் குன்னூர்க்காரர் வனத்துறை அமைச்சர் ஆனார். 2022 டிசம்பரில் சுற்றுலாத் துறைக்கு மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து எடுத்து அரசு தலைமைக் கொறடா ஆக்கினார்கள். ஆக, முதல் ஒன்றரை வருடம் உங்கள் பக்கத்து யானை யார் வீட்டுச் சுவரை இடித்தாலும், கேட்க வேண்டியவர் எதிர்க்கட்சி வரிசையில், பதில் சொல்ல வேண்டியவர் மலைக்கு இந்தப் பக்கம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அமைச்சர் சபையில் கேள்வி கேட்க முடியாது, பதில்தான் சொல்வார். அதனால் கேள்வி நேரத்தில் எங்கள் தொகுதியின் குரல் அந்த வருடங்களில் பூஜ்யம். கோட்டையில் கதவைத் தட்ட ஆள் இருந்தார் என்பது வேறு கணக்கு. உங்கள் உறுப்பினருக்கோ கேட்பதற்கு எந்தக் கூச்சமும் தேவையில்லை. கேட்டு வாங்குவது என்ற வகையில் நீங்கள் எங்களைவிட நல்ல நிலைமையில்தான் இருந்தீர்கள்.

பிரிவு 17 நிலத்தை, அதாவது ஜென்மி என்ற பழைய நிலக்கிழார்களிடமிருந்து போயும் யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் கிடக்கும் நிலத்தை, மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்தப் பிரிவு இருக்கிற ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. இரண்டு கழகமும் மாறி மாறி ஆண்டும் முடிச்சு அவிழவில்லை. அதை ஒரு எம்.எல்.ஏ. கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஊட்டியைப் பாருங்கள். உறுப்பினர் காங்கிரஸ்காரர். 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் அங்கேதான் திறந்தது. பெரிய திட்டங்கள் தொகுதிக் கட்சியைப் பார்த்து மட்டும் வருவதில்லை. சின்னச் சின்ன காரியங்களில்தான் கட்சி பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இல்லத்தரசி, அரவேணு: வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது. எம்.எல்.ஏ. நிதியில் தடுப்புச் சுவர் கேட்டேன். முடியாது என்கிறார்களே?

உங்கள் பட்டா நிலத்துக்குள் என்றால் முடியாதுதான். அந்த நிதி பொதுப் பயன்பாட்டுக்கு. தொகுதிக்கு வருடம் 3 கோடி ரூபாய்; அதிலும் ஒரு பகுதியை அரசு சொல்லும் வேலைகளுக்கே செலவழிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு நல்ல தடுப்புச் சுவர் என்ன விழுங்கும் என்று எந்த ஒப்பந்தக்காரரையும் கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதி தருவது கலெக்டர். சரிவு ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போகும் நடைபாதையையும் பாதிக்கிறது என்றால், பாதையைச் சொல்லி ஊர்க்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒரு நகல் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு.

கல்லூரி மாணவர், ஊட்டி: தொகுதிப் பக்கம் வராதவரைத் திரும்ப அழைக்க முடியுமா?

முடியாது. ஐந்து வருடம் பொறுக்க வேண்டியதுதான். சபைப் பக்கம் வராதவருக்கு மட்டும் ஒரு விதி உண்டு: அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். ஆனால் தொடர்ச்சியாக நான்கு நாளுக்கு மேல் சபையை ஒத்திவைத்த காலம் அந்தக் கணக்கில் வராது. சபை கூடுகிற நாட்களே குறைவு. 60 நிறைவதற்குள் அவர் பதவிக்காலமே நிறைந்துவிடும்!

மகளிர் குழுத் தலைவி, கோத்தகிரி: சபையில் பெண்கள் எத்தனை பேர்?

2021-ல் ஜெயித்தவர்கள் 12. விளவங்கோட்டில் ஒரு பெண் போய் இன்னொரு பெண் வந்ததால் அங்கே எண்ணிக்கை மாறவில்லை. 2016-ல் நம் குன்னூருக்கே சாந்தி ராமு உறுப்பினராக இருந்தார். அதற்கு அடுத்த தேர்தலில் மூன்று தொகுதியிலும் ஆண்களே.

ஓய்வுபெற்ற தபால்காரர், மசினகுடி: எங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சபையில் கேட்க வைப்பது எப்படி?

நல்ல கேள்வி. சபையில் அச்சிட்டுக் கொடுக்கும் வினாத்தாளில் ஒரு கேள்வி இப்படி இருக்கும்: "இன்ன ஊர்ச் சாலையைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?" பதில் பெரும்பாலும் "ஆய்வில் உள்ளது". அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்புறம் துணைக் கேள்வி இருக்கிறது. கேட்க எழுந்தவர்களில் பலர் தலைவரைப் புகழ்ந்தே நேரத்தைத் தின்று, கடைசியில் கேட்க வந்ததை அவசரமாக முடிப்பதை மாடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தாள் கையில் இருந்தவர்கள் அப்படிச் செய்ததில்லை. அந்தத் தாளை நீங்கள் கொடுங்கள்: ஒரே பக்கம், ஒரே பிரச்சினை, சர்வே எண், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. மானியக் கோரிக்கை, அதாவது பட்ஜெட்டுக்குப் பிறகு துறை துறையாக நடக்கும் விவாதம், தொடங்கும் முன்பே போய்ச் சேரட்டும். தொடங்கிய பிறகு போனால், தொகுதி அலுவலகத்தில் உதவியாளர் டீ குடித்துக்கொண்டிருப்பார், உறுப்பினர் சென்னையில் இருப்பார்.