சைலன்சர் மாற்றிய பழைய கார்: வாங்கலாமா?

கேள்வி: மதுரை பழங்காநத்தத்தில் 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்று பார்த்தேன். விலை படிகிறது. ஆனால் அதிகச் சத்தம் எழுப்பும் சைலன்சரைப் பொருத்தியிருக்கிறார்கள். “பிக்கப்பும் மைலேஜும் கூடும்” என்கிறார் விற்பவர். என்ஜினுக்குக் கெடுதல் உண்டா? – வாசகர், திருமங்கலம்.

பதில்: கடைசியில் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் என்ஜினுக்குப் பெரிய கெடுதல் இல்லை. பிக்கப் கூடும் என்பதை நம்ப வேண்டாம்; கூடுவது சத்தம்தான். குறைந்த வேகத்தில் இழுவை சற்றுக் குறையவும் கூடும். சிம்மக்கல் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது அது தெரியும். சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மைலேஜ் எங்கிருந்து கூடும்?

என் கவலை வேறு. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா? சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் என்ஜினை ஒட்டியே இது இருக்கும். உள்ளே நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சும் உண்டு. நல்ல விலை போகும் சரக்கு. அதனால் வெளிக்கூட்டை அப்படியே விட்டு உள்ளே இருப்பதை மட்டும் உடைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். என்ஜின் நன்கு சூடான பிறகு கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும். பின் சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து துள்ளினால் கன்வெர்ட்டர் காலி அல்லது செயலிழந்துவிட்டது. என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அதை அணைத்து வைக்கும் வித்தைகள் பட்டறைகளில் சாதாரணம்.

அடுத்து, வெல்டிங் செய்த இணைப்புகளைப் பாருங்கள். கரிப்புகை படிந்திருந்தால் அங்கே கசிவு. முன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தவறாகக் கணக்கிட்டு, கூடுதலாக ஊற்றும். தரைக்கு அடியில் கசிந்தால் அதைவிட ஆபத்து: மணமில்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம்.

சட்டமும் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும். உங்களுடையது பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட) வண்டி, புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் அதில் தேறுவது கடினம்.

பழைய சைலன்சர் கையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால், அதை மாட்டித் தந்த பிறகே பணம் கொடுங்கள். கன்வெர்ட்டர் காலி என்றால், அந்த மாடலுக்குப் புதியது என்ன விலை என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி, அந்தத் தொகையை முழுதாகக் கழித்து விலை பேசுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள். மதுரையில் பழைய காருக்கா பஞ்சம்?