பீரோவில் இருக்கும் ஆணை

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். வயது 24, இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். பெங்களூருவில் விண்வெளி அறிவியல் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. வங்கி எழுத்தர் பணிக்கான ஆணையும் வந்து 12 நாளாகிறது. வீட்டில் சொல்லாமல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், தங்கை பிளஸ் டூ படிக்கிறாள், அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. புதுச்சேரிக்கு வந்து ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டியைப் போல எனக்கும் அதிர்ஷ்டம் இல்லாமல் போய்விடுமோ? துணிந்து இறங்கலாமா?

பதில்: வங்கியா, ஆராய்ச்சியா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் அந்தப் புடவைகளுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. படிப்பு முடித்த மகளுக்கு ஒரு வேலை அமையவேண்டுமே என்ற நினைப்போடு உங்கள் அப்பா 12 நாளாக ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய் இரவில் திரும்புகிறார்; அவர் கவலைக்கான பதில் அவர் வீட்டு பீரோவிலேயே மடித்துக் கிடக்கிறது. இதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுக்கு வரவேண்டிய வருமானத்தை வீட்டாருக்கே தெரியாமல் பணயம் வைக்கிறீர்கள்.

லெ ஜான்டியின் கதையையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், அவர் அளக்க வந்த காட்சியை, அதாவது வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்துபோனதை, ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தது. அந்த அளவீடு எதற்கும் உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக இருந்தபோது மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டி வாரிசுகள் சொத்தில் கைவைத்திருந்தார்கள், ஏனென்றால் அவர் எழுதிய கடிதங்கள் வீடு போய்ச் சேரவில்லை. மேகமும் கடல்வழித் தபாலும் அவர் கையில் இல்லை. உங்கள் அப்பாவோ பக்கத்து அறையில் இருக்கிறார்.

மூத்த பிள்ளை வீட்டைத் தாங்கவேண்டும், பெண்ணானாலும் தாங்கவேண்டும் என்பதே என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். அதனால் பெங்களூரு கூடாது என்று சொல்லமாட்டேன். உங்களுக்குக் கிடைத்திருப்பது மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை என்றால், 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. அதில் தங்கையின் கல்லூரிக்கு எவ்வளவு, சங்கிலியை மீட்க எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு ஆணைகளோடும் சேர்த்து அப்பா முன் வையுங்கள். அவர் வங்கிதான் என்று பிடிவாதம் பிடித்தால் வாதாடுங்கள், அழுங்கள், அம்மாவைத் துணைக்கு அழையுங்கள். அதற்கெல்லாம் உங்களுக்கு உரிமை உண்டு, ஒளிப்பதற்கு இல்லை.

வங்கியில் சேரவேண்டிய கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவே இல்லை. இன்றே அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள். பார்த்த கையோடு மறுபடி பீரோவில் வைத்துவிடாதீர்கள்.