அடைப்புக்குறிக்குள் ஒரு கல்யாணம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நாங்கள் ஆரியங்காவுக்கு அடுத்த கழுதுருட்டியில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்காகச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கணவாய் தாண்டி வந்த குடும்பம். என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்பதால் பிள்ளை குழம்புகிறான், ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று பயிற்சியாளர் சொல்கிறார். பள்ளிக்கூடம் மலையாளம் என்பதால் தமிழைத்தான் விடவேண்டியிருக்கும். என் அம்மாவுக்கோ தமிழ் மட்டுமே பேச வரும். மகன் சொந்தமாகப் பேசுவது மிகக் குறைவு. புனலூர் பஸ்ஸில் கேட்ட ‘ஆளிறங்ஙானுண்டு’ என்பதைக் கடையிலும் கோயிலிலும் சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். அது மலையாளமாக இருப்பதையும் பயிற்சியாளர் ஒரு சான்றாகக் காட்டுகிறார். தமிழை விட்டுவிடுவது சரியா?

கேரளத்தில் வாங்கிய சான்றிதழ் தமிழ்நாட்டில் செல்லுமா என்பதும் தெரியவில்லை. மனைவி செல்போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளை வளர்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உறவில் சிலர் பேசுகிறார்கள். இதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

(அடுத்த மாதம் என் தங்கையின் கல்யாணம் செங்கோட்டையில் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சங்கடம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதால் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். அப்போது உங்களைச் சந்திக்க இயலுமா?)

சு.

*

அன்புள்ள சு.,

தமிழை விட வேண்டாம். பயிற்சியாளர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். பரவலாக இருக்கும் நம்பிக்கைதான் அது. ஆனால் ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு மொழி, வீதிக்கு ஒரு மொழி என்று வாழும் குடும்பங்கள் நிறைந்த கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆட்டிசக் குழந்தைகளைக் கவனித்துச் செய்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒரே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களைவிட மொழி வளர்ச்சியில் பின்தங்கியிருக்கவில்லை. கணவாயின் இரு பக்கமும் நம் ஜனங்கள் இரண்டு மொழியிலும் கடன் கேட்கவும் சண்டை போடவும் தெரிந்தவர்கள். உங்கள் பிள்ளை பிறந்ததே அந்தக் கலப்புக்குள்தான். இப்போது தமிழை நிறுத்தினால் நிற்கப்போவது உங்கள் அம்மாவின் வாய். பகல் முழுவதும் அவனோடு இருப்பவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் பேசத் தயங்கத் தொடங்கினால், குறைவாகப் பேசும் பிள்ளைக்குத் துணையாகப் பேசாத பாட்டி ஒருவரும் வீட்டில் இருப்பார்.

‘ஆளிறங்ஙானுண்டு’ என்று அவன் சம்பந்தமில்லாமல் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது சொல்கிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இறங்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், வண்டியை நிறுத்து என்பதுதானே அதற்குப் பொருள்? கடையில் கூட்டம் நெருக்கும்போதும், கோயிலில் மணியடிக்கும்போதும் அவன் அதைச் சொல்கிறான் என்றால், தன்னை அங்கிருந்து வெளியே விடச் சொல்லிக் கேட்கிறான் என்று எனக்குப் படுகிறது. ஆட்டிசம் பற்றிய முதல் விரிவான கட்டுரையை 1943இல் 11 குழந்தைகளை வைத்து எழுதிய லியோ கானர் என்ற மருத்துவர் இப்படி ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். ‘பால்கனியிலிருந்து நாயை வீசாதே’ என்று அவன் காரணமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். விசாரித்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியில் பொம்மை நாயை அவன் வீசிக்கொண்டே இருக்க, எடுத்து எடுத்துச் சலித்துப்போன தாய் சொன்ன வாக்கியம் அது என்று தெரிந்தது. அதன் பிறகு எதையாவது வீசத் தோன்றும்போதெல்லாம் அவன் அதைச் சொல்லித் தன்னையே அடக்கிக்கொண்டான். உங்கள் மகனுடைய வாக்கியத்துக்கு அவ்வளவு துப்புத் துலக்கத் தேவையில்லை. எந்த மொழியில் சொல்கிறான் என்று கவனித்தவர்கள், என்ன கேட்கிறான் என்று கவனிக்கவில்லை.

சான்றிதழைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊனமுற்றோருக்கு மத்திய அரசு தரும் யுடிஐடி அட்டை இருந்தால் அது நாடு முழுவதும் செல்லும். மாத உதவித்தொகை போன்றவைதான் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தவை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதற்கும் பதிவு செய்யுங்கள். செல்போன் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். தாயின் அன்பில் வெப்பம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் படித்த மருத்துவர்களே இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1977இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, இதில் மரபுவழிக் காரணத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று காட்டினார்கள். உங்கள் உறவினர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அங்கேதான் நின்றேன். மொழியைப் பற்றி ஒரு பத்தி முழுக்கக் கவலைப்பட்ட தகப்பன், பெற்ற பிள்ளையை அத்தையின் கல்யாணத்திலிருந்து நீக்கிய செய்தியை என் வீட்டுக்கு வழி கேட்கும் வாக்கியத்தோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். ‘பெரியவர்கள் சொல்வதால்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வயது, தம்பி? எந்தப் பெரியவர் உங்களைவிட அந்தப் பிள்ளைக்குப் பெரியவர்?

கோபப்படுவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவின் கடைசித் தம்பியைச் சின்ன மாமா என்போம். அவருக்கு இருந்தது என்ன என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. தெருவில் ‘வாய் பேசாதவன்’ என்பார்கள், ஆனால் காது நன்றாகக் கேட்கும். அளவுக்கு மீறிக் கேட்கும் என்றே சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் தவில் வாசித்தால் இங்கே இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வார். புளியங்கொட்டைகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்குவது அவருக்குப் பிடித்த வேலை. ஒரு கொட்டை பிசகினாலும் முதலிலிருந்து தொடங்குவார். முக்குக் காப்பிக்கடைக்காரர் காலை ஆறு மணிக்கு அவருடைய தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார், பேச்சே கிடையாது. அந்தக் காலத்து ஊர்கள் இப்படிப்பட்டவர்களை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டன என்று உருகி எழுதுகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். நானும் அந்தத் தம்ளரோடு நிறுத்திக்கொண்டால் அப்படி எழுதிவிடலாம்.

1974இல் என் அக்காவுக்குக் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாமாவைப் பார்த்தால், பெண்ணுக்குப் பிறப்பதும் இப்படி இருக்குமோ என்று யோசிப்பார்கள் என்று பாட்டிக்குப் பயம். அதிகாலையில் மாமாவை, சாமான் வைக்கும் உள்ளறையான அரங்கு வீட்டுக்குள் உட்கார வைத்துப் பூட்டினார்கள். சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குப் பதினோரு வயது. சிறுவனிடம் சாவி இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் அல்லவா? அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். முதல் பந்தி முடிந்ததும் கதவைத் திறந்து மாமாவுக்கு இலை போட வேண்டும் என்பது எனக்கிட்ட வேலை. நான் மறந்துபோனேன். பந்தலில் ஓடினேன், மூன்று பந்தியில் பாயசம் குடித்தேன், மாப்பிள்ளை வந்த காருக்குப் பின்னால் ஓடினேன். விளக்கேற்றும் நேரத்தில் அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையில்தான் இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்த சாவி எனக்கு நினைவு வந்தது.

கதவைத் திறந்தபோது மாமா அழுதுகொண்டிருக்கவில்லை. அக்காவின் சீர்ப் பாத்திரங்கள் முழுவதையும் அந்த இருட்டில், அண்டாவிலிருந்து ஆழாக்கு வரை, அளவு பிசகாமல் சுவரோரம் அடுக்கியிருந்தார். இதைக்கூட ஒரு வேடிக்கைக் கதையாக எங்கள் வீட்டில் பல காலம் சொல்லிச் சிரித்தோம்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. இரண்டு ஆண்டு கழித்துச் சித்தியின் கல்யாணம் வந்தது. வீட்டில் புதுத்துணி உடுத்தத் தொடங்கினோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா எழுந்து, தானாகவே அரங்கு வீட்டுக்குள் போய், கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் அப்படித்தான். ‘பாவம், பழகிவிட்டான்’ என்றார்கள் எல்லோரும். அவனுக்கு ஒன்றும் புரியாது என்று சொன்ன அதே வாய்கள்தான் அவை.

உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது. உங்கள் வீட்டிலும் புதுத்துணி எடுப்பீர்கள், பெட்டி கட்டுவீர்கள், பாட்டி தலைக்குப் பூ வைப்பார். அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சுப் பயிற்சியில் ஆண்டுக் கணக்காகக் கற்றுக்கொள்ளாததை அந்த ஒரு காலையில் கற்றுக்கொள்வான்.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், உங்கள் பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைய நாளிதழைக் கையில் பிடித்தபடி நான் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் கொடியவர்கள் அல்லர். சங்கடம் வேண்டாம் என்று நினைத்த குடும்பத்தார்தான்.

1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. குறைபாட்டை மட்டுமே காரணமாக வைத்து ஒருவருடைய தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்று மூன்றாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. கல்யாணத்துக்கு அழைத்துப்போகாத தகப்பனுக்கு அதில் பிரிவு இல்லை. அங்கே சட்டம் வரமுடியாது, நீங்கள்தான் வரவேண்டும். (நம் அரசுத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். தவில் சத்தம் உடம்பெல்லாம் தைக்கும் ஒருவரைப் புற உலகம் அற்றவர் என்று சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ.)

நன்றாகப் பழக்கிய பிறகு அடுத்த கல்யாணத்துக்கு அழைத்துவருகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பந்தியில் உட்காரத் தகுதித் தேர்வு வைப்பதென்றால், குடித்துவிட்டு வந்து மொய் எழுதும் இடத்தில் வழக்குப் பேசும் சித்தப்பாவுக்கு முதலில் வையுங்கள். அவருக்கு முதல் பத்திரிகை, வெற்றிலை பாக்கோடு. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுய உதவி அமைப்பும் சேர்ந்து, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகள் 2004இல் வெங்ஙானூரில் தொடங்கி இன்று பல ஊர்களில் இருக்கின்றன. உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். இந்தப் பக்கம் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் ஊனமுற்றோருக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைக்கு ஆளெடுக்கும் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் தன் சொந்த ஊரிலேயே 1981இல் தொடங்கியது. அவர்களுடைய பணியாளர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பாட்டியையும் தாயையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. ஆனால் இவையெல்லாம் எதற்காக நடக்கின்றன? அவன் அத்தை கல்யாணத்துக்கு வருவதற்காகத்தானே? உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நீல விளக்குப் போடுவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னைச் சந்திப்பதாக இருந்தால் மூன்று பேராக வாருங்கள். இரண்டு பேராக வருவதென்றால் வரவேண்டாம்.

ஆகவேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், கூட்டம் வருவதற்கு முன்பு, வெறும் மண்டபத்தை அவனுக்கு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். மேளக்காரர்களிடம் பேசி அவனுக்கான இடத்தைத் தவிலுக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். காது மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், யாராவது முறைத்தால் முறைக்கட்டும். கெட்டிமேளம் கொட்டும் அந்த இரண்டு நிமிடம் உங்கள் அம்மா அவனைச் சமையற்கட்டுப் பின்வாசலுக்கு அழைத்துப் போகட்டும்; மகளின் தாலிகட்டைப் பார்க்க வேண்டுமே என்று அவர் தவித்தால் நீங்கள் போங்கள். மாப்பிள்ளையின் அப்பாவிடம் ‘இவன் என் மகன்’ என்று நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள், பிறர் சொல்லி அவர் அறிய வேண்டாம். முதல் பந்தியில், ஓரத்து இலையில் உட்கார வையுங்கள். அவன் ‘ஆளிறங்ஙானுண்டு’ என்றால், சாம்பார் ஊற்றும் நேரமாக இருந்தாலும் எழுந்து வெளியே கூட்டிப்போங்கள். அவன் இலையை எடுக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.