நெடுக்காக மாட்டிய மொனிற்றரில் படம் படுத்துக் கிடக்கிறது. கட்டளையால் திருப்புவது எப்படி?

பரந்தன் சந்திப் பக்கத்து உரக்கடையில் பழைய 19 அங்குல மொனிற்றரை நெடுக்காக வைத்து, உபுண்டு 22.04 இல் உரம், விதைநெல் விலை காட்டப் போகிறீர்கள்; படம் படுத்துக் கிடக்கிறது, திருப்பினாலும் கரன்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்; கீழே வரும் கட்டளைகளும் அப்படித்தான்:

எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்

(டொலர் குறிக்குப் பின்னால் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து.) 'வேலண்ட்' (திரையில் படம் காட்டும் புதிய முறை; பழையது எக்ஸோர்க்) என்று பதில் வந்தால் கீழே சொல்லும் கட்டளை வேலை செய்யாது. லொகின் திரையில் பெயரைத் தெரிவுசெய்ததும் மூலையில் வரும் பற்சக்கரத்தை அழுத்தி 'உபுண்டு ஒன் எக்ஸோர்க்' எடுத்து நுழையுங்கள். வேலண்டிலேயே இருக்க விருப்பமென்றால் செற்றிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் திருப்புவதுதான் சுகம். அது தன்பாட்டில் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பிறகு எக்ஸ்ரேண்டர் என்று மட்டும் அடியுங்கள். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்: ஆறும் சிறிய எழுத்து. 'கனெக்டட்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதுதான் உங்கள் மொனிற்றர் செருகியிருக்கும் வாயின் பெயர். அதைக் கோடும் இலக்கமும் பிசகாமல் போடவேணும். எச்டிஎம்ஐ1 வேறு, எச்டிஎம்ஐ-1 வேறு. பிழையாக அடித்தால் 'நொட் ஃபவுண்ட்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். வாயின் பெயர் எச்டிஎம்ஐ-1 என்றால் இப்படி அடியுங்கள்:

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --ரொட்டேட் லெஃப்ட்

லெஃப்டா ரைட்டா என்று குழம்பவேண்டாம். மொனிற்றரின் எந்த ஓரம் இப்போது மேலே நிற்கிறதோ அதன் பெயரைக் கொடுங்கள். இடது ஓரம் மேலே என்றால் லெஃப்ட். தலைகீழ் என்றால் இன்வெர்ட்டட், பழையபடி என்றால் நோர்மல்.

இன்னும் ஆணி அடிக்கவில்லையென்றால் ஒன்று கவனியுங்கள். பழைய மலிவு மொனிற்றர்களில் அநேகம் டிஎன் என்ற திரை வகை. கீழேயிருந்து பார்த்தால் படம் கறுத்துப்போகும். நெடுக்காக நிறுத்தும்போது அந்தக் கீழ்ப்பக்கம் ஒரு பக்கவாட்டுக்கு வந்துவிடும். இடது ஓரத்தை மேலே வைத்தால் அது உங்கள் இடக்கைப் பக்கம் வரும். ஆட்கள் வலப்பக்கத்தால் வரும் கடைக்கு அதுதான் பொருத்தம். மற்றப் பக்கத்தால் வருகிறார்களென்றால் வலது ஓரத்தை மேலே வைத்து ரைட் கொடுங்கள்.

கரன்ட் விஷயம்: இந்தக் கட்டளை லொக்அவுட் ஆகும்வரைதான் நிற்கும். ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் இப்படிச் சேருங்கள்:

எஸ்எச் -சி "ஸ்லீப் 5; எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --ரொட்டேட் லெஃப்ட்"

அந்த 5 செக்கன் தேவை. டெஸ்க்டொப் எழும்பும்போது தன்னிடமுள்ள பழைய அமைப்பைப் போடும். உங்கள் கட்டளை முந்திக்கொண்டால் அந்தத் திருப்பலை அது அழித்துவிடும். ஆள் தொடாமல் நடக்க ஓட்டோமேட்டிக் லொகினையும், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கரன்ட் வந்ததும் தானே இயங்கும் அமைப்பையும் போடவேணும். அந்நேரம் மொனிற்றர் அணைந்திருந்து 'டிஸ்கனெக்டட்' ஆனால் கட்டளை வீண்தான்.

வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்கும் வழி) வழியாக அடிக்கும்போது 'கான்ட் ஓப்பன் டிஸ்பிளே' என்று வந்தால், அதே பயனராக நுழைந்து, கட்டளைக்கு முன்னால் டிஸ்பிளே=:0 சேருங்கள், பெரிய எழுத்தில். சில வேளை 0 இல்லாமல் 1 ஆக இருக்கும்.