கேள்வி–பதில்: எந்த அமிலம் வலிமையானது, எதை வைத்துச் சொல்வது?

ஃபுளோரினுக்குத்தான் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகம். பிறகு ஏன் ஹாலஜன் அமிலங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் வலிமை குறைந்தது?
– பிளஸ் டூ மாணவி, கரூர்

அளவுகோல் சரிதான், வைத்த இடம்தான் தவறு. தனிம வரிசை அட்டவணையில் மீத்தேன், அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்று இடமிருந்து வலமாகப் போனால் அணுவின் பருமன் அவ்வளவாக மாறாது. அங்கே கவர்தன்மை வைத்ததுதான் சட்டம். மேலிருந்து கீழே இறங்கினால் கதை வேறு. அணு பெருக்கப் பெருக்கப் பிணைப்பு தளர்கிறது; ஹைட்ரஜன் எளிதில் பிரிந்துவர, அமிலம் வலிமை பெறுகிறது. ஹைட்ரஜன்–ஃபுளோரின் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 570 கிலோஜூல் வேண்டும்; ஹைட்ரஜன்–அயோடினுக்கு 300 போதும். அதனால் ஹைட்ரோஃபுளோரிக்கின் பிகேஏ (அமில வலிமையைக் காட்டும் எண்) 3.2, ஹைட்ரோஅயோடிக்கின் பிகேஏ ஏறத்தாழ −10. எண் ஒன்று இறங்கினால் வலிமை பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

வலிமை குறைந்தது என்பதற்காக இதைச் சாதுவான அமிலம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரியாத மூலக்கூறு தோல் வழியே உள்ளே இறங்கிவிடும். ஃபுளோரைடு போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கையாளும் ஆய்வகத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக், 0.1 மோலார் அசிட்டிக், இரண்டிலும் 20 மில்லி எடுத்துத் தரம்பார்த்தால் (அமிலம் தீரும் வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால்) இரண்டுக்கும் அதே 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடுதான் செலவாகிறது. அப்புறம் எது வலிமையானது என்று எப்படிச் சொல்வது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தரம்பார்த்தல் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். முதலிலேயே எவ்வளவு பிரிந்திருந்தது என்று சொல்லாது. 0.1 மோலாரில் ஹைட்ரோகுளோரிக் முழுவதும் பிரிந்து பிஎச் 1 காட்டும். அசிட்டிக்கில் பிரிந்திருப்பது 1.3 சதவீதம்தான், பிஎச் 2.9. காரம் விழ விழ, பிரிந்த புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) தீர்கிறது; ஈடுகட்ட மிச்ச மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வருகின்றன. கடைசியில் செலவு ஒன்றாகிவிடுகிறது.

அசிட்டிக்கின் வலிமையை அளக்க எளிய வழி இருக்கிறது. 20 மில்லி அமிலத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, இளஞ்சிவப்பு நிற்கும் வரை தரம்பாருங்கள். அதே குடுவையில் புதிதாக 20 மில்லி அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து விடுங்கள், நிறம் போய்விடும். இப்போது மொத்த அமிலத்தில் சரிபாதி உப்பாகவும் சரிபாதி அமிலமாகவும் இருக்கிறது. பிஎச் மீட்டரில் வாசித்தால் 4.7-ஐ ஒட்டி வரும், அதுதான் பிகேஏ. காரத்தின் செறிவுகூடத் தெரிய வேண்டியதில்லை. இந்த வித்தை வலிமை மிகு அமிலத்துக்குச் செல்லாது.

பலர் கோட்டை விடுவது நிறங்காட்டியில். மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1-க்கும் 4.4-க்கும் நடுவே நிறம் மாறுவது. அசிட்டிக்கும் காரமும் சரிக்குச் சரி தீரும் சமானப் புள்ளியோ பிஎச் 8.7 பக்கம். பாதிக் காரம்கூட இறங்கும் முன்னே நிறம் மெல்ல மெல்ல மாறிவிடும். மீட்டரைப் பிஎச் 4, 7 என்று நிலையாக நிற்கும் தாங்கல் கரைசல்களில் சரிபார்க்காமல் வாசிப்பது அடுத்த தவறு.

பெர்குளோரிக், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக்: மூன்றில் எது பெரியது?
– ஆசிரியர், ஈரோடு

தண்ணீரில் கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றும் தம் புரோட்டானை நீரிடம் கொடுத்துவிடுவதால் ஒரே உயரமாகத் தெரியும். நீரற்ற அசிட்டிக் அமிலத்தில் கரைத்தால் குட்டு வெளிப்படும்: முதலில் பெர்குளோரிக், பிறகு ஹைட்ரோகுளோரிக், கடைசியில் நைட்ரிக்.

மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளும் என்றால் டிரைமெத்தில் அமீன்தானே மிக வலிமையான காரமாக இருக்க வேண்டும்?
– நீட் பயிற்சி மாணவர், மதுரை

வாயு நிலையில் அப்படித்தான். நீரில் பிகேபி (காரத்தின் வலிமையைக் காட்டும் எண்; சிறிதானால் வலிமை அதிகம்) மதிப்புகளைப் பாருங்கள்: அம்மோனியா 4.75, மெத்தில் அமீன் 3.38, டைமெத்தில் அமீன் 3.27, டிரைமெத்தில் அமீன் 4.22. புரோட்டானை ஏற்ற பிறகு டிரைமெத்தில் அமீனின் நைட்ரஜனில் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் மிச்சம். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிப் பிடிக்க அந்த ஒரு கைதான். டைமெத்திலுக்கு அது இரண்டு.

அட்டவணையைப் பார்க்கும்போது தலைப்பைப் படித்துவிடுங்கள். சில புத்தகங்கள் பிகேபி தரும், அங்கே சிறிய எண்தான் வலிமையான காரம். சில, இணை அமிலத்தின் (புரோட்டானை ஏற்ற காரத்தின்) பிகேஏ-வைத் தரும். அங்கே பெரிய எண்தான் வலிமையான காரம். 25 டிகிரி செல்சியஸில் இரண்டையும் கூட்டினால் 14 வர வேண்டும்.