மார்த்தாண்டத்து ஞாயிற்றுக்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் போனால் தமிழே காதில் விழவில்லை. மீன் வாங்குகிறவன் முதல் மொபைல் கடையில் நிற்கிறவன் வரை எல்லாம் இந்திக்காரர்கள். என் தாத்தா, குமரி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். இப்படியே போனால் இருபது வருடத்தில் நம் குமரி மாவட்டம் யார் கையில் இருக்கும்? எங்கள் மேல்மாடியை ஒரு ஒடிசாக் குடும்பம் வாடகைக்குக் கேட்கிறது, ஐந்து வயதில் ஒரு பெண்குழந்தை. கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

– ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

ஞாயிறு சந்தையை வைத்து மாவட்டத்தை எடைபோடாதீர்கள். ஆறு நாளும் சிமெண்டும் கல்லும் சுமந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாக வெளியே வருவதால்தான் அத்தனை பேராகத் தெரிகிறார்கள். பெரும்பாலும் தனியாக வந்த பையன்கள். நாலைந்து பேராக ஒரு அறையில் கிடந்து, ஊரில் கல்யாணம், அறுவடை என்றால் இங்கே கன்னியாகுமரியில் புறப்பட்டு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அசாமின் திப்ருகர் வரை போகிற விவேக் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விடுவார்கள்.

சரி, நம்மிடமிருந்து போனவர்களைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே. 2011 கணக்குப்படி மாவட்டத்தில் 18.70 லட்சம் பேர், 1,000 ஆண்களுக்கு 1,019 பெண்கள். தமிழ்நாட்டுச் சராசரி 996. பெண்களுக்கு ஆயுள் அதிகம்தான், ஆனால் கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க வெளிநாட்டில் இருக்கிறவன் பெயர் ஏறாது என்பதும் இதில் இருக்கிறது. சவூதியிலும் பஹ்ரைனிலும் கூலிக்குக் கடலுக்குப் போகிற நம் மீனவர்கள், 2020 கொரோனாவில் ஈரானில் மாட்டிக்கொண்டு கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்களே, அவர்களெல்லாம் யார்? போதாததற்கு, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூட இல்லை. வெளிநாட்டுப் பணத்தில் வீடு எழும்புகிறது, கொத்தனாருக்குச் சிற்றாளாக நிற்க உள்ளூரில் பையன் இல்லை. உங்கள் மேல்மாடிக்குக் கான்கிரீட் சுமந்தது யார் என்று அப்பாவிடம் கேட்டுப்பாருங்கள்.

தாத்தாவின் போராட்டத்தைச் சொன்னதால் சொல்கிறேன். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு வந்தன; இன்று கேரளத்தில் இருக்கிற தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. தேவிகுளத்தில் தமிழர்தான் பெரும்பான்மை. ஆனால் அவர்களில் நிறையப் பேர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துபோகிற தொழிலாளிகள் என்று மாநிலச் சீரமைப்புக் குழு கருதியது. அதற்குச் சற்று முன்னால்தான் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு அந்த மலைகளில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றத் தொடங்கியிருந்தது. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகையை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் செய்கிற வேலை அது: நிலம், பட்டா, குடும்பத்தோடு குடியிருப்பு. பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்துப் படுக்கிற பையனிடம் இதில் ஒன்றும் இல்லை. மலையில் கொழுந்து பறித்த நம் ஆட்களை இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர்கள் என்று கழித்தபோது உங்கள் தாத்தாவுக்கு வந்த கோபம் நியாயமானது. அதே கழித்தலை நீங்கள் மார்த்தாண்டத்தில் செய்ய வேண்டுமா?

உங்கள் வீட்டைக் கேட்கிறவர்கள் விஷயம் வேறு, அதையும் மறைக்கவில்லை. குடும்பமாக வருகிறவர்கள் தங்கிவிடலாம், அந்தக் குழந்தை இரண்டு வருடத்தில் உங்களைவிட வேகமாக நம் பேச்சைப் பேசும். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

வீட்டைக் கொடுங்கள். அட்வான்ஸ் மற்றவர்களிடம் வாங்குவதுதான், ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள். ஆதார் நகல் வாங்கிவைத்து, வாடகை ஒப்பந்தத்தை மட்டும் முறையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேஸ் இணைப்பு, பேங்க் கணக்கு என்று எதற்குப் போனாலும் அவர்களிடம் முதலில் கேட்பது அந்த முகவரியைத்தான்.