டென்ட்டில் தூங்க, எடை குறைவாக என்னென்ன எடுத்துப் போகலாம்?

டிசம்பரில் கொடைக்கானல் பக்கம் இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கணும், தூங்குகிற சாமான் மொத்தமும் இரண்டு கிலோவுக்குள் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அடங்கும். ஆனால் எல்லாரும் ஸ்லீப்பிங் பேக்கில், அதாவது உள்ளே நுழைந்து படுக்கிற பஞ்சுப் பையில், ஆரம்பிப்பார்கள், நீங்கள் பாயில் ஆரம்பியுங்கள்.

படுத்ததும் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடும், நசுங்கின பஞ்சுக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது, அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின பேக்காக இருந்தாலும் தரையின் சில்லிப்பு நேராக முதுகில் ஏறும். மடக்குகிற ஃபோம் பாய் சுமார் 400 கிராம்தான், முள் குத்தினாலும் கவலையில்லை. காற்றடிக்கும் பாய் மெத்தென்று இருக்கும், ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான். பாயில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எண் கூடக் கூடத் தரையின் குளிரை நன்றாகத் தடுக்கும், கொடைக்கானலுக்கு 2 போதும்.

சரி, பேக். அதில் கம்ஃபர்ட், லிமிட் என்று இரண்டு வெப்பநிலை இருக்கும்: கம்ஃபர்ட் வரை சுகமாகத் தூங்கலாம், லிமிட் வரை சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம். லிமிட்டை நம்பி வாங்காதீர்கள், கம்ஃபர்ட் 5 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கட்டும். இறகு அடைத்தது ரொம்ப லேசு, ஆனால் நனைந்தால் உப்பலெல்லாம் அடங்கிச் சூடு போய்விடும். மலைப்பனியில் விடியற்காலை டென்ட்டின் உள்பக்கமே முத்து முத்தாக வேர்த்து, லேசாகக் கை பட்டாலே முகத்தில் சொட்டும். அதனால் என் ஓட்டு 1.2 கிலோ சிந்தெடிக் பேக்குக்குத்தான்.

தலையணை வேண்டாம், மாற்றுத்துணியை அது இருக்கிற பையோடு மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைத் தூங்குவதற்கென்றே தனியாகக் கட்டி வையுங்கள்.